பனி பிடித்த பூட்டு

இந்தக் காலத்து மனிதர்கள் கதவை முழுதாகத் திறப்பதில்லை. நான்கு விரல் அகலம் திறக்கிறார்கள். அந்த இடுக்கு வழியாக ஒரு கை வருகிறது, பொட்டலத்தைப் பிடுங்கிக்கொண்டு உள்ளே போகிறது. வெளியே நிற்பது மனிதனா மாடா என்று பார்க்கும் அளவுக்குக்கூட அந்தக் கதவு திறக்காது. உள்ளே வெப்பக் குழாய் ஓடுகிறது, பனியனோடு உட்கார்ந்திருக்கிறார்கள்; கதவைத் திறந்தால் சூடு போய்விடுமாம். அப்புறம் கைப்பேசியில் ஒற்றை நட்சத்திரம் போட்டு எழுதுகிறார்கள்: சூப் ஆறியிருந்தது. பூஜ்யத்துக்குக் கீழே இருபத்தாறு. ஆறாமல் என்ன செய்யும்?

சாப்பாடு கொண்டுபோகிறவர்கள் மட்டும் யோக்கியமா? பக்கத்தில் ஒருத்தன் வழுக்கி விழுந்து கிடந்தால் வண்டியை வளைத்துச் சுற்றிக்கொண்டு போகிறார்கள். நின்றால் நேரம் போகும், நேரம் போனால் அபராதம். கேட்டால் "பின்னாடி வர்றவன் பாத்துக்குவான்" என்கிறார்கள். பின்னால் வருகிறவனும் அதையேதான் சொல்வான்.

என் பெயர் தோங். அறுபத்தொன்பது வயது. சீனாவின் வடகிழக்கில், ஷென்யாங் நகரத்தில், தியேஷி வட்டாரத்தில், வீடுவீடாகச் சாப்பாடு கொண்டுபோகிறவர்களின் நிலையம் ஒன்று இருக்கிறது. அதன் பின்சுவரில் ஒட்டுப்போட்டதுபோல நிற்பது என் தகரக் கொட்டகை. மின்வண்டி பழுது பார்ப்பேன். குளிர்காலம் வந்தால் வண்டிக்கு உடுப்பும் தைப்பேன்.

விடிவதற்கு முன்பே, ஐந்தரை மணிக்கெல்லாம், முற்றத்தில் வரிசை நிற்கும். மூச்சுப் புகையும் சிகரெட் புகையும் எது எது என்று தெரியாது. முதல் வேலை பிரேக். இரவெல்லாம் வெளியே நின்ற வண்டியின் பிரேக் கம்பி, உறைக்குள் புகுந்த ஈரத்தோடு சேர்ந்து கெட்டிப்பட்டிருக்கும். பிடியை அழுத்தினால் அசையாது. அசைந்தால் திரும்பி வராது. எண்ணெய் விட்டுப் பயனில்லை, அதுவும் உறையும். நான் சோளச் சாராயத்தை ஊசிக்குழாயில் ஏற்றிச் சொட்டுச் சொட்டாக இறக்குவேன். கம்பிக்கு நாலு சொட்டு, எனக்கு ஒரு மிடறு. அப்புறம் டயர். காற்றைக் கொஞ்சம் இறக்கிவிட்டால்தான் பனிக்கட்டியில் படிந்து ஓடும். கைப்பிடிகளுக்கு ஆட்டுத்தோல் உறை. கைப்பேசி குளிரில் செத்துப்போகும் என்பதால் அதன் முதுகில் ஒரு சூட்டுப்பட்டை. முழங்கால் முதல் மார்பு வரை மறைக்கக் காற்றுப் போர்வை; மேலே ரெக்சின், உள்ளே பஞ்சு. போர்வை கட்டிய வண்டி தூரத்தில் வருவதைப் பார்த்தால், மெத்தை ஒன்று எழுந்து நம்மை அடிக்க ஓடிவருவது போலிருக்கும்.

எல்லாவற்றுக்கும் மேலே பேட்டரி. குளிரில் பேட்டரியும் கிழவன் மாதிரிதான். உள்ளே இருக்கிறது, வெளியே வராது. கோடையில் எழுபது கிலோமீட்டர் ஓடுகிற பேட்டரி எங்கள் ஊர் ஜனவரியில் முப்பது ஓடினால் பெரிது. அதுவும் ராத்திரி சூடான இடத்தில் தூங்கியிருந்தால்.

சூடான இடம் ஒன்று இருந்தது. நிலையத்துக் கட்டடத்தில் படிக்கட்டுக்குக் கீழே ஓர் அறை. நகரத்து வெப்பக் குழாய் அதற்குள் வளைந்து போகிறது. அதனால் குழாயறை என்போம். ஆறு குளிர்காலமாக நிலையத்தில் வண்டி ஓட்டும் முப்பத்தேழு பேரும் பேட்டரிகளை அங்கேதான் வைத்தார்கள். பேட்டரி தீப்பிடிக்கும் என்பது எனக்குத் தெரியாததல்ல, எரிவதைக் கண்ணால் பார்த்தவன் நான். அதற்காகவே முறை போட்டு ஒருவர் காவல் படுப்பார், மணல் வாளிகள் இருக்கும். காலையில் ஒவ்வொருத்தரும் தன் பேட்டரியை மார்போடு அணைத்து எடுத்துவரும்போது, அப்போதுதான் ஆவியில் வெந்த ரொட்டிபோல அது கதகதப்பாக இருக்கும்.

டிசம்பர் பிறந்ததும் மேனேஜர் லுவான் அறையைப் பூட்டினான். தீயணைப்பு விதி என்றான். மறுநாள் ஒரு லாரி வந்து நின்றது. தெற்கேயிருந்து ஆரஞ்சுப் பழம். பெட்டி பெட்டியாக அறைக்குள் போயிற்று. பிப்ரவரியில் வரும் எங்கள் புத்தாண்டு முடியும் வரைக்கும் அறையைப் பழ வியாபாரிக்கு விட்டிருந்தான்.

ஹாவோ குயிலான் என்று ஒருத்தி. நாற்பத்து மூன்று வயது, நிலையத்தில் வண்டி ஓட்டும் மூன்று பெண்களில் மூத்தவள். வாய் என்றால் வாய். அவள் முற்றத்தின் நடுவில் வண்டியைக் குறுக்கே போட்டு நிறுத்திவிட்டுக் கேட்டாள்.

"மேனேஜரே, ஆரஞ்சு அங்க தூங்குது. எங்க பேட்டரி எங்க தூங்கும்?"

"முற்றத்துல கூரை போட்டுக் குடுத்திருக்கேன், பிளக் வச்சிருக்கேன். வேறென்ன வேணும்?"

"கூரைக்கு மூணு பக்கம் சுவரே இல்ல. ராத்திரி அங்க நாய்கூடப் படுக்காது."

"ஆரஞ்சு உறைஞ்சா அழுகிடும்மா. பேட்டரி அழுகுமா?"

நாலைந்து பேர் சிரித்தார்கள். அவன் பேச்சு அப்படித்தான் இருக்கும், சிரிக்கவைக்கும். சிரித்துவிட்டால் சண்டை போட முடியாது. அது அவனுக்குத் தெரியும்.

முற்றத்துக் கூரையை நம்பாதவர்கள் பேட்டரியைத் திருட்டுத்தனமாக வீட்டுக்குக் கொண்டுபோனார்கள். எட்டுக் கிலோ. லிப்டில் ஏற்றக்கூடாது என்று சட்டம். ஆறு மாடி, ஏழு மாடி தோளில் சுமந்து ஏறினார்கள். பதினாலு மணி நேரம் வண்டி ஓட்டிய காலோடு. அப்புறம் எல்லோரும் என்னிடம் வந்தார்கள், பேட்டரிக்குக் கோட்டு வேண்டும் என்று. பூட்ஸ் ஆலையில் கழித்துப்போட்ட சாம்பல் நிறக் கம்பளிச்சுருள் என்னிடம் கிடந்தது. கைச்சக்கரத் தையல் இயந்திரத்தில் பத்து நாளில் முப்பத்தேழு கோட்டுத் தைத்தேன். எல்லாம் ஒரே நிறம், ஒரே அளவு, ஒரே பொத்தான்.

கோட்டுக்கு வந்தவர்களில் யூ தேஹாய் ஒருவன். ஐம்பத்திரண்டு வயது, நிதானமான ஆள், எதையும் இரண்டு தடவை கேட்பான். அவன் குடியிருந்த கட்டடத்தில் வாசற்காவலாளி பேட்டரியை உள்ளே விடுவதில்லை.

"மேஸ்திரி, ராத்திரி பூரா வெளியில கிடந்தாலும் இந்தக் கோட்டு சூடா வச்சிக்குமா?"

"வச்சிக்கும்."

"முழு ராத்திரியும்?"

"வச்சிக்கும்டா, போ. அடுத்த ஆளு."

கோட்டு இருக்கிற சூட்டைக் காக்கும். இல்லாத சூட்டை உண்டாக்காது. பிணத்துக்குப் பத்துப் போர்வை போர்த்தினாலும் அது பிணம்தான். சூடான பேட்டரிக்குப் போட்டு ஓட்டினால்தான் அந்தக் கோட்டுக்கு அர்த்தம். ராத்திரி முழுக்க உறைந்ததற்குப் போட்டால் உறைச்சலைத்தான் காப்பாற்றும். இது எனக்கு நன்றாகத் தெரியும். அன்றைக்கு வரிசையில் எட்டுப் பேர் நின்றார்கள், ஊசி பல்லில் இருந்தது. சொல்லவில்லை.

ஜனவரி இரண்டாம் வாரம், செவ்வாய்க்கிழமை. தேஹாய் காலை பத்து மணிக்கு மாட்டெலும்புச் சூப் இரண்டு வாளியோடு ரயில் மேம்பாலத்தில் ஏறியிருக்கிறான். பேட்டரி இரண்டு கோடு காட்டியிருக்கிறது. பாலத்தின் உச்சியில் ஒரு கோடு, அப்புறம் ஒன்றுமில்லை. காற்று அங்கே கத்திபோல வரும். வண்டியைத் தள்ளத் தொடங்கினான். கைப்பிடி உறைக்குள் கையை விட்டுக்கொண்டு தள்ள முடியாது. பக்கவாட்டில் நின்று இருக்கையையும் கைப்பிடியையும் பிடித்தால்தான் வண்டி சாயாது. வழுக்கியது. ஒரு வாளி மூடி திறந்து சூப் வலது கையுறைக்குள் போயிற்று. முதலில் சுகமாக இருந்தது என்று பிறகு சொன்னான். சூடாக இருந்ததாம். ஐந்தாவது நிமிடம் கையுறை மரக்கட்டையாகிவிட்டது. அதைக் கழற்றிவிட்டு, வெறுங்கையோடு நாற்பது நிமிடம் தள்ளி, மிஞ்சிய சூப்பைக் கொடுத்துவிட்டு, அங்கிருந்து என் கொட்டகை வரைக்கும் தள்ளிக்கொண்டே வந்தான். வழியில் எத்தனை பேர் சுற்றிக்கொண்டு போனார்கள் என்று நான் கேட்கவில்லை.

உள்ளே வந்தவன் வலது கையை எனக்கு முன்னால் நீட்டினான். சுட்டுவிரலும் நடுவிரலும் மெழுகுவர்த்தி நிறத்தில் இருந்தன. வாசலில் குனிந்து ஒரு கை பனியை அள்ளினேன். என் அப்பா அப்படித்தான் செய்வார். எங்கள் பக்கத்தில் எல்லோரும் அப்படித்தான், உறைந்த கையைப் பனியால் தேய்ப்பார்கள். பின்னாலேயே வந்த குயிலான் என் கையைத் தட்டிவிட்டாள்.

"பனிய வச்சுத் தேய்க்காதீங்க மேஸ்திரி, தோலு உரிஞ்சு வந்துடும்! வெதுவெதுன்னு தண்ணி குடுங்க. கொதிக்கக் கூடாது."

கெட்டிலிலிருந்து கிண்ணத்தில் ஊற்றி விளாவினேன். விரலை விட்டதும் தேஹாய் சத்தமே போடவில்லை. வலித்திருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். அவன் வேறொன்று கேட்டான்.

"மேஸ்திரி, கோட்டு போட்டுதான் வச்சிருந்தேன். பொத்தான்கூடச் சரியா மாட்டினேன். நான் ஏதும் தப்பாப் போட்டுட்டேனா?"

நான் அடுப்பைக் கிளறினேன். வேறு எங்கே பார்ப்பது?

ஆஸ்பத்திரியில், பத்து நாள் பார்க்கலாம், இரண்டு விரலும் முதல் கணுவரை போகலாம் என்றார்கள். வலது கை. வேகம் முறுக்குகிற கை. சாயங்காலம் லுவான் என் கொட்டகைக்கு வந்து, குயிலானும் இன்னும் சிலரும் நிற்கும்போதே பேசினான்.

"கையுறைய எதுக்குக் கழட்டினாரு? விதியில கையுறை கட்டாயம்னு இருக்கு."

குயிலான் அவனையே பார்த்தாள். "பேட்டரி எதுக்குச் செத்துச்சுன்னு கேளுங்க."

"பேட்டரி அவரோட சொந்தச் சொத்தும்மா. அவரே நம்ம ஆளு கிடையாது. சொந்தத் தொழில்னு ஒத்துக்கிட்டுக் கையெழுத்துப் போட்டிருக்காரு. நீங்க எல்லாருமே போட்டிருக்கீங்க. ஆளாளுக்கு முதலாளி. நல்லாப் படிச்சுப் பாருங்க."

"அப்ப குழாயறைய யாரு பூட்டினது? நாங்க முதலாளிங்க யாரும் பூட்டலியே."

"மறுபடியும் அறையா? சொன்னேனே, பழம் உறைஞ்சா..."

"அழுகிடும். தெரியும். விரலும் அழுகும் மேனேஜரே."

அன்றைக்கு யாரும் சிரிக்கவில்லை. லுவான் வெளியே போய் சிகரெட் பற்றவைத்தான். தீக்குச்சி மூன்று தடவை அணைந்தது.

மறுநாள் விடியலில் என் கொட்டகையில் கால் வைக்க இடமில்லை. முப்பத்தாறு பேர், அடுப்பைச் சுற்றி ஒருவர் முதுகில் ஒருவர். ஈரக் கம்பளி நாற்றம், புளித்த முட்டைக்கோசு நாற்றம். வெளியே பனி விழத் தொடங்கியிருந்தது. பனி நாளில்தான் ஜனங்கள் வீட்டை விட்டு வராமல் அதிகம் வரவழைத்துச் சாப்பிடுவார்கள். மதியத்துக்கு நிலையம் திணறும். குயிலான் கருவிப் பெட்டி மேல் ஏறி நின்றாள்.

"ஒண்ணே ஒண்ணுதான் கேக்கப்போறோம். குழாயறையத் திறக்கணும். ஆரஞ்சு வெளிய, பேட்டரி உள்ள. அதுவரைக்கும் இன்னைக்கு ஒரு வண்டியும் நகராது. சம்மதமா?"

"சம்மதம்!" என்று கத்தினார்கள். தகரம் அதிர்ந்தது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"எதுக்கு மேஸ்திரி சிரிக்கிறீங்க?"

"சத்தம் நல்லாருக்கு. தொண்ணூத்தெட்டுல எங்க பம்பு ஆலை வாசல்லயும் இதே சத்தம்தான். நாநூறு பேரு. ஆலைய மூடக்கூடாதுன்னு மூணு நாள் உக்காந்தோம். நாலாம் நாள் காலையில பாத்தா புகைபோக்கியில புகை வருது. பின் கேட்டு வழியா உள்ள போயிட்டான் ஒருத்தன். யாரு? எனக்குப் பக்கத்து மேசை. பதினெட்டு வருஷம் என் டப்பாவுல கைவிட்டுத் தின்னவன். அவன் பின்னாடி நூறு பேரு."

"துரோகி" என்றான் யாரோ.

"துரோகி இல்லடா. அவன் மகளுக்குக் காய்ச்சல். மருந்து வாங்கணும். அதான் எனக்குப் பயம். எல்லாருக்கும் ஒரு மக இருக்கா. பதினொரு மணிக்கு மேனேஜர் ஒரு பயணத்துக்கு ரெண்டு பங்கு தர்றேம்பான். போன்ல மணி அடிக்கும். உங்கள்ல ஒருத்தன் கக்கூஸுக்குப் போறேன்னு போயி வண்டியில ஏறுவான். நான் யாரையும் நம்பல. நீங்களும் நம்பாதீங்க."

கத்தியவர்களில் சிலர் குனிந்து கையுறையைச் சரிசெய்தார்கள்.

"அப்ப என்னதான் செய்யச் சொல்றீங்க?" என்றாள் குயிலான். கோபமாகத்தான் கேட்டாள்.

"வாக்குக் குடுக்காதீங்க. பேட்டரியக் குடுங்க. உருவி எடுத்து இங்க வைங்க. ஒரே மாதிரி கோட்டு, ஒண்ணோட ஒண்ணு கலந்துட்டா எது எவனோடதுன்னு எனக்கே தெரியாது. நான் பூட்டுறேன். எடுத்தா எல்லாரும் ஒண்ணா எடுக்கணும்."

நான் யோசனை சொல்லவில்லை. எரிச்சலில்தான் சொன்னேன். இப்படிக் கேட்டால் ஒவ்வொருத்தனாக நழுவுவான், கூட்டம் கலையும், நானும் நிம்மதியாக பிரேக் கம்பியைப் பார்க்கலாம் என்று நினைத்தேன். நினைத்தபடியே ஒருத்தரையொருத்தர் பார்த்துக்கொண்டார்கள். பேட்டரி என்பது அவர்களுக்கு வெறும் பேட்டரி அல்ல. அது இல்லாமல் வண்டி வெறும் மெத்தை.

கூட்டத்தை இடித்துக்கொண்டு வெட்டுக்கிளி வெளியே போனான். அவனுக்கு வேறு பெயர் உண்டு, யாரும் சொல்வதில்லை. ஐந்து அழைப்பு வந்தால் ஐந்தையும் தாவிப் பிடிப்பான், அடுத்தவன் வாயிலிருப்பதையும் பிடுங்குவான். பார்த்தீர்களா, முதல் ஆள் போய்விட்டான் என்று சொல்ல வாயெடுத்தேன். அவன் திரும்பி வந்தான், பேட்டரியோடு. என் காலடியில் தொப்பென்று வைத்தான்.

"யாராச்சும் நழுவினா அது நானாத்தான் இருப்பேன்னு இங்க எல்லாருக்கும் தெரியும்" என்றான். "எனக்கும் தெரியும். அதான். முதல்ல இதப் பூட்டுங்க."

அப்புறம்தான் சிரித்தார்கள். சிரித்துக்கொண்டே வெளியே போனார்கள், ஒவ்வொருத்தராகத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். நான் அடுப்பை அணைத்து, தணலை இரும்பு வாளியில் அள்ளி முற்றத்துக்கு அனுப்பினேன். பேட்டரியும் நெருப்பும் ஒரே அறையில் இருக்கக்கூடாது. சாம்பல் நிறக் கோட்டுகள் சுவரோரம் இரண்டு வரிசையாக உட்கார்ந்தன, பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் போல. முப்பத்தாறு. முப்பத்தேழாவது, தேஹாயுடையது, செவ்வாய்க்கிழமை முதல் அங்கேயே கிடந்தது. நடுவில் வைத்தேன்.

கெட்டிலை வெளியே எடுத்து வைத்துவிட்டு, எல்லோரும் பார்க்கக் கதவை இழுத்துப் பூட்டினேன். சாவியை என் கோட்டுப் பையில் போட்டேன். பிறகு, எல்லோரும் தணல் வாளிப் பக்கம் போனதும், கெட்டிலில் மிச்சமிருந்த தண்ணீரைப் பூட்டின் மேல் ஊற்றினேன். மேலே கொஞ்சம், துவாரத்துக்குள் கொஞ்சம், கொண்டியில் கொஞ்சம். உறைய விட்டு மறுபடி ஊற்றினேன். இந்தக் குளிரில் அதிக நேரம் ஆகாது. கால் மணியில் பூட்டு இருந்த இடத்தில் முஷ்டி அளவுக்குப் பனிக்கட்டி.

குயிலான் மட்டும் பார்த்துவிட்டாள். "என்ன செய்றீங்க மேஸ்திரி? பூட்டு கெட்டுப்போகும்."

"என் பூட்டு. உனக்கென்ன?"

பதினொரு மணிக்கு நான் சொன்னபடியே எல்லாம் நடந்தது. முப்பத்தாறு கைப்பேசிகளிலும் மணி அடித்தது. ஒரு பயணத்துக்கு இரண்டு பங்கு. பதினொன்றரைக்கு மூன்று பங்கு. முற்றத்தில் தணல் வாளியைச் சுற்றி நின்றவர்கள் கைப்பேசியை எடுத்துப் பார்த்தார்கள், உள்ளே போட்டார்கள், மறுபடி எடுத்தார்கள். வெட்டுக்கிளியின் முகம் பல்வலி வந்தவன் முகம்போல இருந்தது. ஒரு தடவை எழுந்து வண்டி வரைக்கும் போனான். காலியாகக் கிடந்த பேட்டரிப் பெட்டிக்குள் கைவிட்டுப் பார்த்தான். திரும்பி வந்து உட்கார்ந்து, உறைந்த பேரிக்காய் ஒன்றைக் கடித்தான்.

லுவான் முதலில் அவர்களிடம் போனான்.

"என்னப்பா இது? ஜனங்க பசியோட காத்துக்கிட்டிருக்காங்க. மனசாட்சி வேணாமா?"

"ஆரஞ்சு இருக்குல்ல மேனேஜரே," என்றாள் குயிலான், "ஆளுக்கு ரெண்டு குடுத்து அனுப்புங்க. நல்லாக் கதகதப்பா இருக்கும்."

"உங்க எல்லாரையும் பட்டியல்லருந்து தூக்கிட்டு நாளைக்கே வேற ஆளுங்கள எடுப்பேன்."

"எடுங்க. வர்றவன் பேட்டரி எங்க தூங்கும்னும் சொல்லிடுங்க."

அவன் அங்கே நிற்கவில்லை. கொட்டகையின் பக்கவாட்டில், நான் முக்காலி போட்டு உட்கார்ந்திருந்த இடத்துக்கு வந்தான். ஒரு சிகரெட் நீட்டினான். நல்ல சிகரெட். வாங்கிக்கொண்டேன். எதற்கு மறுக்க வேண்டும்?

"பெரியவரே, உங்களுக்கு இதெல்லாம் எதுக்கு? இந்தக் கொட்டகை யாரு சுவருல நிக்குது?"

"உங்க சுவருல."

"கரண்டு யாரு லைன்லருந்து வருது?"

"உங்க லைன்."

"ஒம்பது வருஷம். எடுங்கன்னு எப்பவாச்சும் சொல்லியிருக்கேனா? இப்பவும் பெருசா ஒண்ணும் கேக்கல. நாலே பேட்டரி. பின் பக்கம் என் காரு நிக்குது. மதியம் வரைக்கும் நாலு வண்டி ஓடினாப் போதும். நாலு ஓடுறதப் பாத்தா மத்தவன் தன்னால ஓடிவருவான். உங்களுக்கே தெரியும்."

தெரியும். என்னைவிட நன்றாக யாருக்குத் தெரியும்? நாலு போதும். பின் கேட்டு வழியாக ஒரே ஒருத்தன் போதும்.

இங்கே பொய் சொல்லக்கூடாது. என் மனசு ஆடியது. கொட்டகை போனால் எனக்குப் போக்கிடம் ஒரு கட்டிலும் ஜன்னலும்தான். அடுப்பு, தையல் இயந்திரம், காலையில் மூச்சுப் புகையோடு நிற்கும் வரிசை, எல்லாம் இந்தச் சுவரில்தான் ஒட்டியிருக்கிறது. என் பக்கத்து மேசைக்காரனுக்கு மகள் இருந்தாள், எனக்குக் கொட்டகை. என் கை தானாகப் பைக்குள் போயிற்று. சாவி விரலில் பட்டது. உடம்புச் சூட்டில் இதமாக இருந்தது.

எடுத்தேன். அவன் உள்ளங்கையில் வைத்தேன்.

"இந்தாங்க. நீங்களே திறந்துக்கோங்க."

அவன் முகம் மலர்ந்தது. கிழவன் என்றால் கிழவன்தான் என்று நினைத்திருப்பான். சுற்றிக்கொண்டு கொட்டகையின் முன்பக்கம் போனான். நானும் பின்னாலேயே போனேன். பூட்டைப் பார்த்து நின்றுவிட்டான். சாவியை இப்படியும் அப்படியும் வைத்துப் பார்த்தான். துவாரமே தெரியவில்லை. விரல் நகத்தால் சுரண்டினான்.

"இதென்ன?"

"பனி."

"பனியா? நேத்து இப்படி இல்லியே?"

"நேத்து நான் தண்ணி ஊத்தல."

என்னை ஏற இறங்கப் பார்த்தான். "உங்களுக்குப் பைத்தியமா?"

"எனக்கு என்னைத் தெரியும் மேனேஜரே. நீங்க வருவீங்கன்னு தெரியும், சுவரு யாருதுன்னு கேப்பீங்கன்னு தெரியும், நான் சாவியக் குடுப்பேன்னும் தெரியும். குடுத்துட்டேன் பாருங்க. அதான் காலையிலயே ஊத்தி வச்சேன்."

"உருக்குங்க!"

"உருக்கலாம். தீயைப் பீச்சுற ஊதுவிளக்கு வாசல்ல அந்தப் பெட்டியில இருக்கு. அரை மணி நேரம் ஆகும். நல்லாச் சத்தம் போடும். அவங்களும் பாத்துக்கிட்டு இருப்பாங்க."

அப்போதுதான் திரும்பிப் பார்த்தான். தணல் வாளியைச் சுற்றி இருந்தவர்கள் எழுந்து நின்றார்கள். யாரும் கிட்டே வரவில்லை. தலையிலும் தோளிலும் பனி. கைப்பேசிகள் பைக்குள் அடித்துக்கொண்டே இருந்தன, யாரும் எடுக்கவில்லை. கூட்டத்தின் ஓரத்தில் தேஹாய். எப்போது வந்தானோ. கட்டுப்போட்ட வலது கையை மார்போடு வைத்துக்கொண்டு நின்றான்.

லுவான் ஊதுவிளக்குப் பெட்டியைப் பார்த்தான், அவர்களைப் பார்த்தான். சாவியை என் காலடிப் பனியில் எறிந்தான்.

"மேல பேசிட்டு வர்றேன்" என்றான். "கொட்டகையப் பத்தியும் பேசுவோம். மறந்துடாதீங்க."

"மறக்க மாட்டேன்."

அவன் அலுவலகத்துக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். குழாயறை பூட்டியபடியே இருந்தது. ஆரஞ்சுகள் ஒன்றுகூட இடம் மாறவில்லை. என்னமோ ஜெயித்துவிட்டதுபோலச் சிலர் கைதட்டினார்கள். எனக்கு எரிச்சலாக வந்தது.

"எதுக்குத் தட்டுறீங்க? அவன் போன் பண்ணத்தான் போயிருக்கான். மதியம் நாலு பங்கு, சாயங்காலம் அஞ்சு பங்கு. நாளைக்குக் காலையில எவன் ஊதுவிளக்கோட வந்து நிப்பான்னு பாக்கலாம்."

"நீங்க நம்பவே மாட்டீங்களா மேஸ்திரி?" என்றாள் குயிலான். சிரித்துக்கொண்டுதான் கேட்டாள்.

"மாட்டேன்."

தேஹாய் என் பக்கத்தில் வந்தான். அவனிடம் சொல்ல வேண்டியது ஒன்று முந்தின நாளிலிருந்து பாக்கி இருந்தது. சொன்னேன்.

"நீ சரியாத்தான் மாட்டினே. கோட்டு வெளியில சூடு வச்சிக்காது. நான்தான் சும்மா சொன்னேன்."

அவன் வழக்கம்போல இரண்டாம் தடவை கேட்டான். "சும்மாவா?"

"சும்மா."

கட்டுப்போட்ட கையை ஒரு தடவை பார்த்தான். பிறகு, "சரி, பேட்டரி பத்திரமா இருக்கில்ல?" என்றான். நான் பூட்டைக் காட்டினேன். இடது கையால் அந்தப் பனிக்கட்டியைத் தொட்டுப் பார்த்தான்.

அந்நேரத்துக்குத் தெருமுனையிலிருந்து மூன்று பேர் வந்தார்கள். அடுத்த தெரு நிலையத்துக்காரர்கள், வேறு நிறச் சட்டை. ஆளுக்கொரு பேட்டரியைத் தோளில் சுமந்து வந்தார்கள். கோட்டுக்கூட இல்லை, பழைய கால்சட்டையில் சுற்றியிருந்தார்கள். "எங்க கூரையும் இதே மாதிரிதான்" என்றான் ஒருத்தன். "இங்க இடம் இருக்கா?"

"இடமில்ல" என்றேன்.

"இருக்கு" என்றாள் குயிலான். தணல் வாளியிலிருந்து நாலடி தள்ளித் தன் காற்றுப் போர்வையை விரித்துப்போட்டாள். அதன் மேல் மூன்று பேட்டரியையும் வைத்துச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்தார்கள்.

எனக்குப் பசித்தது. பனியிலிருந்து சாவியைப் பொறுக்கிக்கொண்டு, மக்காச்சோளக் கஞ்சிக் கடைப் பக்கம் நடந்தேன். பத்தடி போயிருப்பேன். பின்னால் தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்டது. திரும்பினேன். வெட்டுக்கிளி, என் கெட்டிலைச் சாய்த்துப் பூட்டின் மேல் இன்னொரு சுற்று ஊற்றிக்கொண்டிருந்தான். ரொம்பக் கவனமாக, பிரேக் கம்பிக்குச் சாராயம் விடுகிறவன் மாதிரி. அவனுக்குப் பின்னால் தங்கள் முறைக்கு இரண்டு பேர் நின்றார்கள்.

பனி எத்தனை கெட்டியாக இருந்தாலும் உருகாத பனி கிடையாது. மனிதர்களும் அப்படித்தான். எத்தனையோ பார்த்தாயிற்று. இவர்களை நான் நம்பவில்லை, இப்போதும் இல்லை. அந்தக் கெட்டில் என்னுடையது, நல்ல கெட்டில், யாருக்கும் இரவல் கொடுக்கமாட்டேன். திருப்பிக் கேட்காமலே நடந்தேன்.